நாங்க வெட்டாம விட்ட மூலை

புதுசா வெட்டுன லாலாங் புல்லு வாசம் தெரியுமா உங்களுக்கு? காலையில, பனி ஈரத்தோட... பச்சையா, லேசா இனிப்பா மூக்குல ஏறும். அதோட பிளாஸ்க்குல இருக்குற, பால் ஊத்தாத காப்பி ஓ வாசமும் சேந்துச்சுன்னா, எனக்கு அதுதான் ஞாயித்துக்கிழமை.

எண்பதுகளோட ஆரம்பம். மலேசியாவுல, ஈப்போவுல, எங்க தாமான்... எங்க குடியிருப்புக்குப் பின்னால ஒரு குட்டை. முன்ன ஈயம் தோண்டுன லொம்போங், அப்படியே தண்ணி நின்னுபோச்சு. சுத்தி கெடந்த காலி எடத்த நாங்களே பூங்கா ஆக்கிட்டோம். லோரி டயர்ல ஊஞ்சல், பலகை பெஞ்சு, வரிசையா செம்பருத்தி... ஞாயிறு ஆனா கோத்தோங் ரோயோங், ஊரே சேந்து வேலை.

நான் அப்ப பேக்டரிக்குப் போக ஆரம்பிச்ச புதுசு. கெடைக்கிற ஒரே லீவையும் அங்கதான் கழிப்பேன். காரணம் ஒரு பறவை.

ருவாக்-ருவாக்!

வெள்ளை மூஞ்சி, கறுப்பு முதுகு, வாலுக்கடியில செங்கல் கலரு. குட்டை ஓரத்துப் புல்லுக்குள்ள கோழி மாதிரி நடக்கும். மழை இருட்டிக்கிட்டு வந்தா போதும், தன் பேரத் தானே கத்திக்கிட்டே இருக்கும். தமிழ்ல கானாங்கோழின்னு இப்ப பேஸ்புக்ல பாத்துதான் கத்துக்கிட்டேன் லா. அப்ப எங்களுக்கு அது "நம்ம கோழி", அவ்ளோதான்.

எங்களுக்கெல்லாம் தலைவி சரோஜா அக்கா. கோப்பெங் பக்கம் ரப்பர் தோட்டத்துல புல்லு வெட்டுனவங்க. தோட்டத்த வித்தப்புறம் டவுனுக்கு வந்தாங்க. வந்தும் அந்தக் கை மாறல. கங்காணி வந்து பாத்தா ஒரு புல்லு நிக்கக்கூடாது... அந்த கணக்குலதான் பூங்காவையும் பாப்பாங்க.

லோரி ஓட்டுற மணி அண்ணே சும்மா இருக்க மாட்டாரு. "அக்கா, தலைமுடி கீழ விழுந்தா அதையும் வெட்டிருவ போல."

"உனக்குத்தான் முடியே இல்லையே மணி. நீ ஏன் பயப்படுற?"

அந்த வருசம் நகராண்மைக் கழகத்துல சுத்தமான பூங்காவுக்குப் போட்டி வச்சாங்க. அக்காவுக்குத் தூக்கமே போச்சு. "தோட்டத்து ஆளுங்கன்னு கேவலமா பேசுறானுங்கல்ல... தோட்டத்து வேலை எப்படி இருக்கும்னு ஒரு தடவ பாக்கட்டும்."

பாராங் கத்திய எடுத்தோம். குட்டை ஓரத்துல ஒண்ணு விடல. லாலாங், கோரை, காட்டுச் சேம்பு எல்லாம் போச்சு. மரத்துக்கெல்லாம் அடியில சுண்ணாம்பு. கல்யாண மண்டபம் மாதிரி ஆயிருச்சு.

பழைய பம்பு கொட்டாய்க்குப் பின்னால ஒரு மூலை மட்டும் பாக்கி. அங்க குளவிக்கூடு. மணி அண்ணே வெட்டப் போயி, கொட்டு வாங்கி, சட்டையோட குட்டையில குதிச்சாரு. "அடுத்த வாரம் புகை போட்டுட்டு வெட்டிக்கலாம்"னு விட்டுட்டோம்.

அடுத்த ஞாயிறு. போட்டிக்குப் பாக்க வர்ற நாள்.

வானம் நல்லா கருத்துக்கிட்டு இருக்கு... சத்தமே இல்ல.

"நம்ம கோழி எங்கலா?" அக்காதான் மொதல்ல கேட்டாங்க. பழைய சோறு கொண்டு வந்து கையில வச்சிருந்தாங்க. சுத்தி நடந்து பாத்தோம். இந்தக் கரையில நின்னா அந்தக் கரை வரைக்கும் மொட்டையா தெரியுது. ஒரு கோழி ஒளிய எடமில்ல.

"வீட்ட இடிச்சுட்டு ஆளத் தேடுறோம்," மணி அண்ணே மெதுவா சொன்னாரு.

ஆபீசர் வர்றதுக்குள்ள அந்த மூலையையும் முடிக்கணும். அக்கா கையில இருந்த சோத்த பெஞ்சுல வச்சுட்டு, குச்சியில மண்ணெண்ணெய் துணி சுத்துனாங்க. மணி அண்ணே பத்த வச்சாரு. பந்தம் மூலைக்குப் பக்கத்துல போச்சு.

உள்ளேருந்து ஒரு சின்னச் சத்தம். க்ளக்... க்ளக்...

அக்கா குனிஞ்சு பாத்தாங்க. நானும் பாத்தேன். கோரைக்குள்ள, முட்டை மேல, அசையாம உக்காந்திருக்கு. கண்ணு மட்டும் எங்களையே பாக்குது.

"மணி, நெருப்ப அணை."

"அப்ப கப்பு?"

"அணைன்னு சொன்னேன்லா."

கொஞ்ச நேரத்துல ஆபீசர் வந்தாரு. மலாய்க்காரர், நல்ல மனுசன். எல்லாத்தையும் பாத்து "சந்தேக், சந்தேக்", அழகு அழகுன்னு பாராட்டிக்கிட்டே வந்தவரு, பம்பு கொட்டாய் பக்கத்துல நின்னுட்டாரு. இந்த மூலை மட்டும் ஏன் இப்படி கெடக்குன்னு மலாய்ல கேட்டாரு.

அக்கா பாராங்க முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு, "லூப்பா, என்சே"ன்னாங்க. மறந்துட்டேன் ஐயா.

அம்புட்டுத்தான். ஒரு புல்லு விடாத மனுசி, மறந்துட்டேன்னு தலை குனிஞ்சு நிக்கிறாங்க. கப்பு வேற தாமானுக்குப் போயிருச்சு.

"குளவின்னாவது சொல்லிருக்கலாமே அக்கா," மணி அண்ணே கேட்டாரு.

"சொன்னா மருந்தடிக்க ஆள் அனுப்புவான். கோழின்னு சொன்னா, நாளைக்கே எவனாச்சும் கண்ணி வைப்பான். மறந்துட்டேன்னா யாரும் எதுவும் செய்ய மாட்டாங்க."

அப்புறம் ஒரு நாள் காலையில தாய்க்கோழி முன்ன நடக்க, பின்னால கறுப்பு பஞ்சு உருண்டைங்க மாதிரி குஞ்சுங்க... சுத்தமா கெடந்த கரைய ஓட்டமா தாண்டிப் போச்சுங்க. மணி அண்ணே காப்பியோட அப்படியே நின்னுட்டாரு.

அன்னிக்கே அக்கா குட்டை ஓரம் பூரா குச்சி நட்டு ராஃபியா கயிறு கட்டிட்டாங்க. கயித்துக்கு அந்தப் பக்கம் யாரும் வெட்டக்கூடாது. ஆனா அவங்களுக்கே தாங்காது. ஒசந்து நிக்கிற புல்லு கண்ணுல பட்டா கை துறுதுறுங்கும், அதனால குட்டைக்கு முதுகக் காட்டிக்கிட்டுதான் காப்பி குடிப்பாங்க.

இப்ப அங்க ஜாகிங் டிரேக், லைட்டு, கரை பூரா சிமெண்டு. ஈப்போ போனா ஒரு ரவுண்டு நடப்பேன், நல்லாத்தான் இருக்கு... ருவாக் சத்தம் மட்டும் இல்ல. அக்காவும் இல்ல.

நான் தஞ்சோங் மாலிம் வந்து ரொம்ப வருசமாச்சு. வீட்டுக்குப் பின்னால லொங்காங், சாக்கடை ஓரத்துல கொஞ்சம் புல்லு ஒசரமா நிக்குது. போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி எட்டிப் பாத்து, "அங்கிள், மெஷின் எடுத்துட்டு வாரேன், வெட்டிரலாமா? ரெண்டு மாசமா கெடக்கே"ன்னான்.

மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. புல்லுக்குள்ள நம்ம கோழி இன்னும் கத்த ஆரம்பிக்கல.

"நானே வெட்டிருவேன்பா," சொன்னேன். "மறந்துட்டேன்."