ஆயிரம் கிலோமீட்டர் உயரத்து ஸ்கிராப்

ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்த ஹமீதுன்னிசாவுக்கு, வானத்தில் சுற்றும் உடைந்த செயற்கைக்கோள் துண்டுகள்மேல் பைத்தியம். 1993இல் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், அவை ஒன்றோடொன்று மோதி எவ்வளவு பெருகும் என்று தானே எழுதிய புரோகிராமில் கணக்கிட்டு, ‘ஸ்கிராப்’ என்று தலைப்பிட்டு அச்சடித்தாள்.

அந்தத் தாள் மேனேஜர் ராயப்பன் கையில் சிக்கியது. ஸ்கிராப் இரட்டிப்பாகும் என்று கண்டதும், பட்டறையில் வீணாகும் உலோகக் கழிவைத்தான் சொல்கிறது என்று நினைத்துப் பதறிப்போய், போர்மேன்களை வரிசையாக நிற்கவைத்துத் திட்டினார். ஹமீதுன்னிசா சிரிப்பை அடக்கிக்கொண்டு வாயே திறக்கவில்லை.

மறுமாதம் பட்டறையில் கழிவு பாதியாகக் குறைந்தது. ராயப்பன் அவளைப் பாராட்ட வந்தபோதுதான் அவளுக்கு உறுத்தியது.

“சார், அது நம்ம ஸ்கிராப் இல்லீங்க. ஆயிரம் கிலோமீட்டர் மேல வானத்துல சுத்துறதுங்க.”

ராயப்பன் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“போர்மேனுங்ககிட்ட மட்டும் சொல்லிடாதம்மா,” என்றார்.