அவர் கால் உடைய வேண்டிக்கொண்டேன்

வீட்டில் எது நடந்தாலும் அம்மா கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். தண்ணீர் மோட்டார் புகைந்தாலும் கேட்பார், என் மகளுக்குக் காய்ச்சல் வந்தாலும் கேட்பார். "எதுனா வேண்டுதல் பாக்கி வெச்சிருக்கியாடா?" நானும் சாதாரணமாக முகத்தை வைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லம்மா" என்பேன். பச்சைப் பொய். ஒன்று இருக்கிறது. அதை எப்படிச் செலுத்துவது என்றுதான் இத்தனை வருடமாகத் தெரியவில்லை.

ஆம்பூரில் அப்போது தோல் பதனிடும் பெரிய டேனரிகளுக்கெல்லாம் சொந்த ஃபுட்பால் டீம் இருந்தது. பாலாற்று மணலில் மூங்கில் நட்டு, அதையே கோல் போஸ்ட்டாக வைத்து ஆடுவார்கள். ஆற்றில்தான் தண்ணீர் கிடையாதே. அப்பா வேலை செய்த டேனரியின் டீம் சுமார் ரகம். எதிர் டீமில் அவர் இருந்தார். வெறுங்காலோடு ஆடுவார். ஒருவனை ஏமாற்றி விழவைத்துவிட்டு, அவன் எழுந்து மணலைத் தட்டிக்கொள்ளும் வரை பந்தோடு நிற்பார். பிறகு அவனையே மறுபடியும் ஏமாற்றுவார். கரையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஆட்களே கைதட்டிவிடுவார்கள். டிவியில் உலகக் கோப்பையெல்லாம் பார்த்தாயிற்று. அப்படி நின்று ஆடியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அவர் என்றால் எனக்கு உயிர். ஆனால் ஃபைனலில் ஜெயித்தால் தொழிலாளிகளின் குடும்பங்களுக்கெல்லாம் பிரியாணி என்று எங்கள் முதலாளி சொல்லிவிட்டார். அவர் ஆடினால் நாங்கள் ஜெயிக்க முடியாது என்பது ஊருக்கே தெரியும். நான் தர்காவுக்குப் போய், அவர் கால் உடைய வேண்டும், உடைந்தால் சர்க்கரை வைத்துப் பாத்தியா ஓதுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு நாள் காய்ச்சல் வரட்டும் என்று கேட்டிருக்கலாம். பத்து வயதில் அந்தப் புத்திகூட இல்லை.

குடிதண்ணீருக்காக ஆற்றில் ஊற்று தோண்டுவார்கள். அப்படித் தோண்டிய பள்ளம் ஒன்றை ஆட்டத்துக்காக மேலாக மணல் தள்ளி மூடியிருந்தார்கள். ஃபைனலில் பந்தோடு ஓடிவந்தவரின் வலது கால் அதற்குள் போய்விட்டது. முட்டி உடைந்தது. கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவர் ஆடவே இல்லை. நாங்கள் ஜெயித்தோம். பிரியாணியை நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

பாத்தியா மட்டும் ஓதவில்லை. ஓதினால் அவர் கால் உடைந்ததற்கு நன்றி சொன்னது போலாகிவிடும். ஓதாவிட்டால் கொடுத்த வாக்கு தவறியதாகிவிடும். யாரிடமும் போய்க் கேட்கிற விஷயமா இது?

போன மாதம் காட்பாடி ஸ்டேஷனில் பெங்களூர் வண்டிக்காகக் காத்திருந்தேன். ஒருவர் காலை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"சின்ன வயசுல உங்க ஆட்டத்த நெறைய பார்த்திருக்கேன் பாய்," என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இன்னா தம்பி சொல்றீங்க! என் ஆட்டத்த ஞாபகம் வெச்சிருக்கற ஆள் இன்னும் கீறாங்களா?"

"அந்தப் பள்ளம் மட்டும் இல்லைன்னா..." என்று இழுத்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது.

"பள்ளத்த விடுங்க. அப்ப கல்கத்தா கிளப்புல கூப்ட்டிருந்தாங்க. அவ்ளோ தூரம் அனுப்ப எங்கம்மாவுக்கு இஷ்டமில்ல. எம்புள்ள போகக்கூடாதுன்னு தர்காவுல துவா கேட்டுட்டாங்க. கால் போனதும், தன்னாலதான் ஆச்சுன்னு ஒரே பேஜார். நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல. சாகற வரைக்கும் வியாழக்கிழமை ஆனா அங்க போய் அழுவாங்க."

அந்த அம்மாவை எனக்குத் தெரியும். எங்களுக்கு அடுத்த தெரு. வியாழக்கிழமைகளில் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போவார். "நல்லா படிக்கிறியா கண்ணு?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் போவார். மகன் கால் குணமாக வேண்டிக்கொள்ளப் போகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அவரைக் கண்டாலே எனக்குக் குற்ற உணர்ச்சி. தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடிவிடுவேன். வேலைக்குப் போன பிறகும், ஊருக்கு வரும்போதெல்லாம் அப்படித்தான் செய்தேன்.

"அம்மா எப்ப தவறினாங்க பாய்?" என்று கேட்டேன். ரொம்ப காலம் ஆகியிருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு நப்பாசை.

"போன ரம்ஜானுக்கு முன்னாடிதான் தம்பி," என்றார்.

அதுவரைக்கும் அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு நேரம் இருந்திருக்கிறது.