தேஹு ரோட்டில் பேசாமல் இருந்த வருடங்கள்

புனே ஸ்டேஷனில் இறங்கி லோக்கல் ரயிலுக்காகக் காத்திருந்தபோது, என் கணவர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தேஹு ரோட்டுக்குப் போனதும் நான் அதிகம் பேசக்கூடாது. யாராவது கேட்டால் ராமநாதபுரம் பக்கம் என்று சொல்ல வேண்டும். 'ஓம்' என்று வாயில் வரவே கூடாது. 'ஆமா' என்று சொல்லிப் பழக வேண்டும். 'கதைக்கிறது' என்றால் முடிந்தது, 'பேசுறது' என்றுதான் சொல்ல வேண்டும். அவர் பெயிண்ட் வேலைக்காக ஏற்கெனவே இரண்டொரு முறை அந்த ஊருக்கு வந்து போனவர். அவருடைய பேச்சு ஓரளவுக்கு மாறியிருந்தது. எனக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அகதி முகாமை விட்டு அவ்வளவு தூரம் வந்தது அதுதான் முதல் முறை.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. தொண்ணூறுகளில் எங்கள் இலங்கைத் தமிழைக் கேட்டாலே இந்தியாவில் ஆட்கள் ஒரு கணம் நின்று பார்ப்பார்கள். அதிலும் தேஹு ரோடு கண்டோன்மென்ட். ராணுவத் தளவாடக் கிடங்கு இருக்கிற இடம். நாங்கள் வாடகைக்குப் போன வீட்டுக்காரரே அந்தக் கிடங்கில்தான் வேலை பார்த்தார். அங்கே ஏன் வீடு பார்த்தீர்கள் என்று கணவரிடம் கேட்டேன். தமிழ் ஆட்கள் இருக்கிற இடத்தில்தான் தெரிந்தவர் சொல்லி வீடு கிடைக்கும், வேறு எங்கே கேட்டாலும் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்றார்.

கேள்விகள் எனக்குப் புதிதல்ல. மன்னாரிலிருந்து படகில் வந்து இறங்கியபோது நான் சிறுமி. மண்டபம் என்ற ஊரில் சில நாள் வைத்திருந்துவிட்டு லாரியில் ஏற்றி, உள் மாவட்டம் ஒன்றில் பழைய தானியக் கிடங்கு ஒன்றில் எங்களை இறக்கினார்கள். அதுதான் முகாம். பெரிய கூடத்தைச் சேலைகளாலும் சாக்குகளாலும் தடுத்து, தடுப்புக்கு ஒரு குடும்பம் இருந்தோம். பிறகு தார் ஷீட் போட்ட சின்ன வீடுகள் வந்தன. காலையில் குழாயடியில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நகர்ந்தால் குடமும் நகர்ந்துவிடும். அதிகாரி தலை எண்ண வருகிற நாளில் எல்லோரும் அவரவர் வாசலில் நிற்க வேண்டும். வெளியூருக்குப் பெயிண்ட் அடிக்கப் போன ஆண்கள் சட்டையெல்லாம் சுண்ணாம்போடு ஓடி வந்து நிற்பார்கள். வராதவன் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் தெரியாது.

சேலைத் தடுப்புக்குள் வளர்ந்ததில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டது குரலைத் தாழ்த்துவதைத்தான். யாராவது புதுச் சட்டை போட்டால் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பார்கள். டீக்கடையில் போலீஸ்காரரோடு கொஞ்ச நேரம் அதிகமாக நின்றவரை அன்றைக்கே ஒதுக்கிவிடுவார்கள். ஒருநாள் காலையில் பக்கத்துத் தடுப்பில் இருந்த அண்ணனை விசாரணை என்று கூட்டிப் போனார்கள். அவரைத் திருப்பி அனுப்பவில்லை, உயர மதில் கட்டிய சிறப்பு முகாமில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். யார் காட்டிக்கொடுத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு என் அம்மா எதிர்த் தடுப்புப் பெண்ணுக்குச் சீனி கொடுப்பதை நிறுத்தினாள். எதிர்த் தடுப்புப் பெண்ணும் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள்தான் சொன்னாள் என்று அம்மா நினைத்தாள். அம்மாதான் சொன்னாள் என்று அவள் நினைத்தாள். இரண்டு பேரும் ஒரே குழாயில் வருடக்கணக்காகத் தண்ணீர் பிடித்தார்கள்.

அந்தப் பழக்கத்தோடுதான் தேஹு ரோட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வரிசையாகத் தகரக்கூரை போட்ட அறைகள், முன்னால் ஒரு பொதுக் குழாய். முதல் அறைகளில் வீட்டுக்கார அக்கா குடும்பம், கடைசி அறை எங்களுக்கு. அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். அவள் புருஷனின் தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து கிடங்கு வேலையில் சேர்ந்த குடும்பம். பிள்ளைகளைத் தமிழில் திட்ட ஆரம்பித்து இந்தியில் முடிப்பாள். என்னிடம் ஏதாவது கேட்டால் தலையசைப்பேன், இல்லாவிட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்வேன். கூச்ச சுபாவம் என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

இரண்டு மாதம் அப்படியே போனது. ஒருநாள் குழாயடியில் பாசி பிடித்த கல்லில் அவளுடைய கடைசிப் பெண் ஓடி வந்தாள். என் கையில் குடம் இருந்தது. பிடிக்க முடியவில்லை. வாய்தான் முந்திக்கொண்டது.

"கவனம் பிள்ளை, விழுந்திடுவாய்."

குழந்தை நின்றுவிட்டது. அக்கா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"இன்னா ஊருன்னு சொன்ன நீ?"

"ராமநாதபுரம்."

"ராமநாதபுரத்துல இப்பிடியா பேசுவாங்க?"

கடற்கரைப் பக்கம் அப்படித்தான் என்றேன். சரி என்பது போலத் தலையாட்டினாள். நம்பவில்லை என்று அவள் நடந்து போன விதத்திலேயே தெரிந்தது.

அன்றிலிருந்து அவள் வருவது அதிகமானது. கத்தி கேட்டு வருவாள். எடுத்துக் கொடுப்பதற்குள் கண் அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். உன் வீட்டுக்காரர் ஏன் அடிக்கடி ஊருக்குப் போகிறார் என்று கேட்டாள். முகாமில் தலை எண்ணுகிற நாளில் எங்கள் குடும்பத்துக்காக நிற்கப் போகிறார் என்று எப்படிச் சொல்வது? மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றேன். மாமியார் படகு ஏறுவதற்கு முன்பே இறந்துவிட்டவள். இன்னொரு நாள் கல்யாணப் படம் இருந்தால் காட்டேன் என்றாள். இல்லை என்றால் சந்தேகம் இன்னும் கூடும் என்று எடுத்துக் கொடுத்தேன். அவள் எங்கள் முகங்களைப் பார்க்கவே இல்லை. எங்களுக்குப் பின்னால் தெரிந்த தார் ஷீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத்த மண்டபத்துல வெக்கலியா?"

"வீட்டிலேயே செஞ்சோம்."

"இது வீடா?"

ஓம் என்று வந்த சொல்லை விழுங்கி, ஆமா என்றேன்.

நானும் அவளைச் சும்மா விடவில்லை. அவள் பக்கத்து வீட்டாரோடு பேசும்போது சுவரோடு சாய்ந்து கேட்பேன். எனக்கு இந்தி அரைகுறை. 'யே லோக்', அதாவது 'இந்த ஆளுங்க', என்று அவள் சொன்னால் அது எங்களைத்தான் என்று எடுத்துக்கொள்வேன். சீருடை போட்ட யாராவது அவள் வீட்டுக்கு டீ குடிக்க வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. பக்கத்தில் பிம்ப்ரியில் வேறு அறை பார்ப்போம் என்று கணவரிடம் சொன்னேன். பார்த்தார். தெரிந்த ஆள் இல்லாமல் யாரும் தரவில்லை. வருடங்கள் அப்படியே ஓடின. அவருக்குப் புனேயின் மறுகோடியில் மகர்பட்டாவில் புதிதாக எழும்பிய உயரக் கட்டடங்களில் வேலை கிடைத்தது. விடிவதற்குள் போய் இருட்டிய பிறகு வருவார். பகல் முழுக்க நானும் அக்காவும்தான்.

அப்போதுதான் அவளுடைய தம்பி வேலூரிலிருந்து வந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காது கேட்காது, அதனால் பேசுபவர் பக்கம் தலையைச் சாய்த்துக்கொள்வார். அக்கா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என் அறை இருக்கிற பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார். நான் துணி காயப்போட வெளியே வருவதை நிறுத்தினேன். அறைக்குள்ளேயே கயிறு கட்டிக் காயவைத்தேன்.

ஒரு மத்தியானம் அக்கா என் வாசலில் வந்து நின்றாள். தம்பி என்னிடம் பேச வேண்டும் என்கிறான், வா என்றாள். ரயில் ஸ்டேஷனுக்கு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். போகாமல் இருந்தால் இன்னும் மோசம் என்று தோன்றியது. போனேன்.

அவர் உட்காரச் சொன்னார். நான் நின்றேன். அக்கா அடுக்களை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சிலோனா நீங்க?" என்றார். "நான் அங்க இருந்திருக்கேன். நீங்க எங்கக்கா பொண்ணுகிட்ட பேசறது கேட்டுது. அந்தப் பேச்ச மறக்க முடியுமா? மன்னார் பக்கமா?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எங்கள் வீட்டு முற்றம் கண் முன்னால் வந்தது. இந்தியப் படை எங்கள் ஊரில் இருந்த நாட்கள். ஒரு காலையில் தெருவைச் சுற்றி நின்று வீடு வீடாகப் பார்த்தார்கள். எங்கள் முற்றத்துக்கு வந்தவர்களில் ஒருவர் தமிழ் பேசினார். எல்லோரையும் வெளியே வரச் சொன்னார். என் அண்ணனைக் காட்டி இவனுக்கு என்ன வயது என்று கேட்டார். அப்பா வயதைக் குறைத்துச் சொன்னார். அந்தச் சிப்பாய் அண்ணனின் அரும்பு மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மற்றவர்களிடம் இந்தியில் ஏதோ சொன்னார். எல்லோரும் போய்விட்டார்கள். என்ன சொன்னார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. சின்னப் பையன் விடு என்றாரா, இவனைக் குறித்து வைத்துக்கொள் என்றாரா? மறுபடி வருவார்கள் என்ற பயத்திலேயே அண்ணன் சில நாளில் வீட்டை விட்டுப் போனான். அவனைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

எனக்கு நினைவிருந்தது சீருடை மட்டும்தான், முகம் இல்லை. எதிரே இருந்தவரின் கைகளைப் பார்த்தேன். குரலைக் கேட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை. நீங்கள் எந்த ஊரில் இருந்தீர்கள் என்று கேட்கலாம். கேட்டால் என் ஊரையும் சொல்ல வேண்டி வரும். ஊரைச் சொன்னால் அண்ணன் வருவான். அண்ணன் எங்கே போனான் என்ற கேள்வி வரும்.

"வவுனியா," என்றேன்.

"வவுனியாவுல எங்க?"

"சின்ன வயசிலேயே வந்துட்டோம். நினைவில்லை."

அவர் அதை நம்பவில்லை. ஆனால் வற்புறுத்தவும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அங்க ஜனங்க எங்களப் பத்தி வீட்டுக்குள்ள என்ன பேசிக்கினாங்க?"

எந்தப் பதில் அவருக்குப் பிடிக்கும் என்று யோசித்தேன். முகாமில் அதிகாரிகளிடம் அப்படித்தான் பதில் சொல்லிப் பழக்கம். இவருக்கு எது பிடிக்கும் என்று தெரியவில்லை. அதனால் உண்மையைச் சொன்னேன்.

"பயத்தில ஒண்டும் கதைக்கேல்ல."

என் பேச்சிலேயே அதைச் சொன்னேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவர் தலையைச் சாய்த்து முழுவதும் கேட்டார். "எங்களுக்கும் யாரப் பாத்தாலும் சந்தேகந்தான்," என்றார். "கெழவி ஒருத்தி தண்ணி குடுப்பா. குடிக்கப் பயமா இருக்கும்."

அக்கா டீ கொண்டு வந்து வைத்தாள். அவர் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் நான் தம்ளரைத் தொட்டேன்.

அன்று இரவு இதைக் கேட்டதும் கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் தம்பி ஊருக்குப் போனார். என்னிடம் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. யாரிடம் என்ன சொல்லிவிட்டுப் போனாரோ என்று நாங்கள் காத்திருந்தோம். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டால் பால்காரனாக இருந்தாலும் கதவைத் தாழிடுவேன்.

போலீஸ் வந்தது. ஆனால் எங்களுக்காக அல்ல. வேறு ஏதோ நகரத்தில் குண்டு வெடித்து, கண்டோன்மென்ட் பக்கமெல்லாம் வாடகைக்கு இருப்பவர்களை விசாரித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு ஹவல்தார் குழாயடியில் நின்று கடைசி அறையில் யார் என்று இந்தியில் கேட்டார். நான் குடத்தோடு அங்கேயே நின்றேன். என் மாமா மகள், வேலூர், கூச்சக்காரி என்று அக்கா இந்தியில் சொன்னாள். அவர் என்னைப் பார்த்து மராத்தியில் ஏதோ கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன் அவளே அதற்கும் பதில் சொன்னாள். ஹவல்தார் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

நான் அவளுக்கு நன்றி சொல்லப் போனேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அதெல்லாம் வேணா. உன்ன நம்பி ஒண்ணும் சொல்லல. அந்தப் பொண்ண யாருக்கும் காட்டிக் குடுத்துடாதேன்னு என் தம்பி என் கையப் புடிச்சிச் சொல்லிட்டுப் போனான். எதுக்கு அப்பிடிச் சொன்னான்?"

தெரியாது என்றேன்.

"அவனுக்குத் தெரியும். உனக்கும் தெரியும். ரெண்டு பேருமே எங்கிட்ட சொல்ல மாட்டேங்கறீங்க."

எனக்கு உண்மையிலேயே தெரியாது. ஆனால் அன்றைக்கு முழுக்க அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எங்கள் முற்றத்துக்கு வந்தவர் அவர்தானா, என்னைக் கண்டுபிடித்திருப்பாரா? வேறு யாரோ ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டு சொன்னாரா? என் அறையின் மூலையில் உட்கார்ந்து அவர் சொன்னதையெல்லாம் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகும் சில வருடங்கள் அந்த அறையில்தான் இருந்தோம். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்தவள் அக்காதான். என்னைத் தன் தங்கை என்று சொல்லி உள்ளே வந்தாள். கேட்பவர்களுக்கெல்லாம் தானே பதில் சொல்வதற்காகக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் கத்தி கேட்டு வருவதை அவள் நிறுத்தவில்லை. நானும் சுவரோடு சாய்ந்து கேட்பதை நிறுத்தவில்லை.

முகாமில் அம்மா படுத்த படுக்கையானபோது ஊரைக் காலி செய்ய முடிவெடுத்தோம். கிளம்புவதற்கு முந்தின நாள், தம்பி எப்படி இருக்கிறார் என்று அக்காவிடம் கேட்டேன்.

"இருக்கான். யார்கிட்டயும் அதிகம் பேசறதில்ல," என்றாள். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் கேக்கற?" என்றாள்.

சும்மாதான் என்றேன். எங்கள் முகாமிலிருந்து வேலூர் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம்தான். விலாசம் கேட்டிருக்கலாம். அவள் பார்த்த பார்வையில் கேட்காமல் விட்டேன்.

காலையில் ஆட்டோ வருவதற்கு முன் அவள் எங்கள் அறைக்குள் போனாள். பரணை எட்டிப் பார்த்தாள். அடுப்பு மேடைக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினாள். பாயைச் சுருட்டி உதறினாள். எதைத் தேடுகிறாள் என்று அவளுக்கே தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. கணவர் முகம் கடுத்தது, நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாம் பார்த்து முடித்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என் மகளை மடியில் உட்காரவைத்து, கிண்ணத்தில் பிசைந்து வைத்திருந்த பருப்புச் சாதத்தை ஊட்ட ஆரம்பித்தாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பாதியில் விடமாட்டேன் என்று கையைக் காட்டினாள். கிண்ணம் காலியாகும்வரை நாங்கள் பெட்டிகளோடு வெயிலில் நின்றோம்.