கயிறு கட்டாத யன்னல்

என் அலுவலக மேசையில் ஓர் இரும்புத் துண்டு கிடக்கிறது. முற்றிய வெள்ளரிக்காய் அளவு நீளம், தலையில் கயிறு கோக்க ஒரு துவாரம். காகிதம் பறக்காமலிருக்க வைத்திருக்கிறேன் என்றுதான் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். மார்க்கம் நகரிலுள்ள இந்தக் கட்டடத்தில் ஒரு யன்னலும் திறக்காது. காகிதம் பறக்கக் காற்று எங்கே வரப்போகிறது? அது அப்பா செய்த கடைசி யன்னலுக்குரிய எடை. அந்த யன்னலின் நிலைக்குள் தொங்கவேண்டியது, இங்கே கிடக்கிறது.

அப்பா பகலில் பிளாஸ்டிக் யன்னல் செய்யும் ஃபாக்டரியில் வேலை செய்தார். வந்து தேத்தண்ணி குடித்த கையோடு ஸ்காபரோ வீட்டுக் கராஜில் மர யன்னல் செய்யத் தொடங்குவார். நகரத்தின் நடுவிலுள்ள பழைய செங்கல் வீடுகளுக்கான, மேலும் கீழுமாக வழுக்கித் திறக்கும் யன்னல்கள் அவை. நிலையின் இரு பக்கமும் வெளியில் தெரியாத கூடு இருக்கும். அதற்குள் இரும்பு எடை தொங்கும். எடையில் கட்டிய கயிறு மேலே கப்பியில் ஏறி இறங்கி, கண்ணாடிச் சட்டத்தின் பக்கவாட்டில் வந்து முடியும். எடையும் சட்டமும் சமமாக இருந்தால் ஒரு விரலால் தூக்கலாம். விட்ட இடத்தில் நிற்கும். அந்தக் கணக்கை நான்தான் போட்டுக்கொடுப்பேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்பு, அம்மா அதுவும் முழுதாக இல்லை. இதைச் சொல்ல எனக்குப் பெருமைதான். அவர்களுக்கு என்னைவிடப் பெருமை. குளியலறைத் தராசில் சட்டத்தைத் தூக்கி வைத்துவிட்டு, "எஞ்சினியர் அம்மா, எத்தினை இறாத்தல் போடுவம்?" என்று அப்பா கேட்பார். கண்ணாடியைச் சுற்றிப் பெருவிரலால் புட்டிப் பசை அழுத்திக்கொண்டிருக்கும் அம்மா, "உந்த எஞ்சினியர் இல்லாட்டில் உங்களுக்கு ஆர் கதி" என்பார். கராஜ் முழுக்க ஆளிவிதை எண்ணெய் மணக்கும்.

ஒரு இலையுதிர் காலத்தில், ஊரில், மன்னாரிலிருந்த மாமாவுக்கு வருத்தம் கடுமை என்று போன் வந்தது. அம்மாவைத் தூக்கி வளர்த்த அண்ணன் அவர். அம்மா உடனே போகவேண்டும் என்றார். அப்பாவின் கையில் பெரிய ஓடர் ஒன்று இருந்தது. குளிருக்கு முன் முழு வீட்டுக்கும் யன்னல் பொருத்தியாகவேண்டும். புட்டியும் வர்ணமும் அம்மாவின் வேலை. "இஞ்சரும், இந்த ஓடர் முடியட்டும். ரெண்டு பேருமாப் போவம்" என்றார் அப்பா. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மாமா காத்திருப்பார் என்று உண்மையாகவே நம்பினார். மாமா காத்திருக்கவில்லை. அடக்கப் பூசையை அம்மா கராஜில் நின்றபடி என் போனில் பார்த்தார். பெட்டியைத் தூக்கியதும் போனை என்னிடம் தந்துவிட்டு, பாதியில் நின்ற சட்டத்துக்குப் புட்டி வைத்து முடித்தார். அன்றிலிருந்து அப்பாவோடு பேசவில்லை.

சமைத்தார், உடுப்புத் தோய்த்தார், ஞாயிறுகளில் பூசையில் அவர் பக்கத்திலேயே இருந்தார். பேச்சு மட்டும் என் வழியாகப் போய்வந்தது. "கொப்பாட்டைச் சொல்லு, சோறு மேசையிலை." அப்பாவும் முன்னால் நின்றுகொண்டே, "கேட்டது எண்டு சொல்லு பிள்ளை" என்பார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. வருஷங்கள் போக, சிரிப்பு வருவது நின்றுவிட்டது.

ஒரு இடத்தில் மட்டும் அந்த மௌனம் உடைந்தது. செய்து முடிந்த யன்னலைக் கராஜிலேயே ஒருமுறை கயிறு கட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் கயிற்றை இழுத்து எடையை மேலே ஏற்றிப் பிடிக்கவேண்டும். மற்றவர் நுனியைச் சட்டத்தில் பொருத்தவேண்டும். அதற்கு அப்பா என்னைக் கூப்பிடுவதில்லை. "இஞ்சரும், ஒருக்கா வாரும்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். அம்மா வந்து இழுப்பார்.

"பிடிச்சிட்டன்."

"கொஞ்சம் பொறும்."

"விடட்டே?"

"விடும்."

அவ்வளவுதான். ஒரு யன்னலுக்கு மேலும் கீழுமாக இரண்டு சட்டம், நாலு கயிறு. படிப்பதுபோல் குசினியில் இருந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஊரான் வீடெல்லாம் அப்பாவின் மர யன்னல். எங்கள் வீட்டில் பிளாஸ்டிக். குசினித் தொட்டிக்கு மேலே ஒரு மர யன்னல் வேண்டுமென்று, பேசிய காலத்தில் அம்மா ஓயாமல் கேட்டிருந்தார். போன கோடையில் அப்பா அதைச் செய்தார். முடிச்சில்லாத பலகை தேடி எடுத்து, சீவுளியால் இழைத்து இழைத்துத் தடவிப் பார்த்தார். வர்ணத்தையும் அவரே அடித்தார். கீழ்ச் சட்டம் மட்டும் திறக்கும் சின்ன யன்னல், இரண்டே எடை. கணக்கு நான். பழையதைக் கழற்றி நிலையைப் பொருத்தியபின், கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இஞ்சரும், ஒருக்கா வாரும்" என்றார். அம்மா பக்கத்திலேயே தொட்டியில் அரிசி களைந்துகொண்டிருந்தார். களைந்து முடித்தார். கையைத் துடைத்தார். மேலே போய்விட்டார். அப்பா கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, சட்டத்துக்கு ஒரு பைன் துண்டை முண்டு கொடுத்தார். நான் கட்டட்டுமா என்றேன். "கொம்மா வரட்டும்" என்றார்.

அம்மா வரவில்லை. முதல் பனி விழுந்த கிழமை, வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து ஆட்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அப்பாவோடு ஃபாக்டரியில் வேலை செய்த அங்கிள் ஒருவர் கை கழுவும்போது அந்த முண்டைப் பார்த்தார். "ஏன் பிள்ளை, உதுக்குக் கயிறு போடேல்லை?"

"அதுக்கு ரெண்டு பேர் வேணும் அங்கிள்."

"ஆர் சொன்னது? எடையை மேலை இழுத்துப்போட்டு, கப்பிக்குக் கீழை கயிறோடை சேத்து ஒரு ஆணி. அது நிக்கும். ஒராளே ஆறுதலாக் கட்டலாம். எனக்குக் காட்டித் தந்ததே உன்ரை கொப்பர்தானே!"

எல்லோரும் போனபின் அம்மா தொட்டியடியில் நின்றார். ஆணியைப் பற்றிச் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

"எப்ப இருந்து?"

"முதலே தெரியும். நான் இல்லாத நேரங்களிலை தனியத்தானே கட்டினவர். அந்த ஆணி ஓட்டையளைப் புட்டி வச்சு அடைச்சதே நான்தான்."

"பிறகேன் அவர் கூப்பிடக் கூப்பிடப் போனீங்கள்?"

"கூப்பிட்டவர். போனன்."

இதற்கு மட்டும் ஏன் போகவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் எட்டிக் கப்பிக்குக் கீழே விரலால் தடவினேன். அப்பா தனியாக ஒருமுறையாவது கட்டிப் பார்த்திருப்பார், ஆணி பட்ட ஒரு புள்ளியாவது இருக்கும் என்று நினைத்தேன். வர்ணம் கண்ணாடிபோல வழுவழுத்தது.

"தேடாதை" என்றார் அம்மா. "இல்லை. நான் பாத்திட்டன்."

எடைகளில் ஒன்றை அன்று நான் எடுத்துவந்தேன். மற்றது அம்மாவின் குசினியில், கராஜுக்குப் போகும் கதவு சாத்தாமலிருக்க அண்டை கொடுத்துக் கிடக்கிறது. போன ஞாயிறு என்னுடையதைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்காபரோவுக்குப் போனேன். "ரெண்டு பேர் இருக்கிறம் அம்மா. கட்டுவம். உங்களுக்குக் கை நோகுது" என்றேன். அம்மா இரண்டு கையாலும் சட்டத்தைத் தூக்கி, தோளால் தாங்கிப் பிடித்து, முண்டை வைத்தார். மூச்சு வாங்கியது.

"கனக்கட்டும் பிள்ளை" என்றார். "நீ உதைக் கொண்டு போ."

கொண்டுவந்துவிட்டேன். திறக்காத யன்னலுக்கு முன்னால், என் மேசையில், அது கிடக்கிறது.