என் மகள் வைத்த காதுச் சோதனை

பதினொன்றாம் வகுப்புக்குப் போனதும் என் மகள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போனில் பிசிக்ஸ் படிக்க ஆரம்பித்தாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. போனும் கையுமாக இருக்கும் எந்தப் பிள்ளையும் படிக்கிறேன் என்றுதான் சொல்லும். ஒருநாள் அவளுக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். திரையில் ஓர் ஊசல் ஆடிக்கொண்டிருந்தது. அவள் நூலின் நீளத்தை விரலால் இழுத்தாள், குண்டின் எடையைக் கூட்டினாள், பிறகு அப்படியே ஊசலைத் தூக்கி நிலாவில் கொண்டுபோய் வைத்தாள். அங்கே அது இரண்டாம் ஷிப்டுக்காரன் போலச் சோம்பலாக ஆடியது. இன்னொரு பக்கத்தில் ஒரு பெட்டி வழுக்கிக்கொண்டு போனது. உராய்வு வேண்டாம் என்றால் ஒரு கட்டத்தைத் தட்டினால் போதும், உராய்வே கிடையாது. எங்கள் கம்பெனி மெயின்டனன்ஸ்காரர்கள் பார்த்தால் அந்த ஊருக்கே குடிபோயிருப்பார்கள்.

"இது படிப்பா, வெளையாட்டா?" என்று கேட்டேன்.

"ரெண்டுந்தான் நைனா. மிஸ்ஸே குடுத்தாங்க," என்றாள். நாங்கள் இருப்பது எளாவூர்ப் பக்கம். ஆந்திரா கூப்பிடு தூரம் என்பதால் அப்பாவை நைனா என்று கூப்பிடுகிற வீடுகள் எங்கள் தெருவில் நிறைய.

நான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் ஆள். பெரிய பெரிய பிரஸ் மிஷின்கள் வரிசையாக நின்று இரும்புத் தகட்டை அடித்து வடிவமாக்கும். அந்தச் சத்தத்தில் ஆளுக்கு ஆள் சைகைதான். காதில் வைத்துக்கொள்ள இயர் பிளக் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டால் சூப்பர்வைசர் திட்டுவது கேட்காது, திட்டுவது கேட்கவில்லை என்பதற்கு இன்னொரு திட்டு விழும். ஆகவே பெரும்பாலும் அது சட்டைப் பையில்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் எனக்கு எதிலும் ஒட்டுதல் இல்லை. அதைச் சோகம் என்று சொல்ல முடியாது, சோகப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். ஷிப்டு முடிந்து வந்து நாற்காலியில் உட்காருவேன். யாராவது வந்து ஏதாவது சொன்னால் தலையாட்டுவேன். அவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். மரக்கட்டைக்கு வாக்கப்பட்டேன் என்பாள் என் மனைவி. அதுவும் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஒலி பற்றிய பாடம் நடக்கிறதாம். வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் எவ்வளவு அதிர்வெண் வரை காது கேட்கிறது என்று பார்த்து வரச் சொல்லியிருக்கிறார்கள். திரையில் ஒரு நீளமான கோடு, அதில் நகர்த்துவதற்கு ஒரு குமிழ். குமிழ் இடப்பக்கம் இருந்தால் சத்தம் கனமாக வரும், வலப்பக்கம் தள்ளத் தள்ளக் கீச்சென்று ஆகும். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் அவளுடைய அம்மா. கிட்டத்தட்ட வலது ஓரம் வரைக்கும் கையைத் தூக்கினாள். "கொசு காதுல பூந்தாப்ல கீது," என்று சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்தது நான். முதல் சில சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. நான் அதற்காகக் கவலைப்படவில்லை, ஏனென்றால் இந்தப் பரீட்சையில் நான் பழம் தின்று கொட்டை போட்டவன். கம்பெனிக்கு வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவ வண்டி வரும். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். தேறாதவனைப் பிரஸ் மிஷினில் நிறுத்தக் கூடாது என்பது சட்டம். நிரந்தர ஆள் என்றால் வேறு இடத்துக்கு மாற்றுவார்கள். காண்ட்ராக்ட் ஆளுக்கு வேறு இடம் ஏது, கேட் பாஸ் புதுப்பிக்க மாட்டார்கள். அதனால் எங்களுக்குள் ஒரு வழி உண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் கையைப் பார்க்க வேண்டும். அவர் விரல் அழுந்தினால் நாமும் அழுத்த வேண்டும். காது போன ஆட்கள் பாதிப் பேர் இப்படித்தான் வருஷா வருஷம் தேறிக்கொண்டிருந்தோம்.

எனவே மகளின் கட்டை விரலைப் பார்த்தேன். அது திரையைத் தொடும்போதெல்லாம் கையைத் தூக்கினேன். குமிழ் வலது ஓரத்துக்குப் போயும் தூக்கினேன். அவள் என்னையே பார்த்தாள். மறுபடி திரையைத் தொட்டாள். மறுபடி தூக்கினேன்.

"நைனா, சத்தத்த ஆஃப் பண்ணிட்டேன்," என்றாள்.

எனக்குப் புரியவில்லை என்று நினைத்துத் திரையைத் திருப்பிக் காட்டினாள். நடுவில் ஓரிரு முறை சத்தமே இல்லாமல் தொட்டுப் பார்க்க வேண்டும், நிஜமாகக் கேட்டுத்தான் கை தூக்குகிறார்களா என்று அப்போதுதான் தெரியும் என்று மிஸ் சொல்லித் தந்திருக்கிறார். கம்பெனிக்கு வரும் வண்டியில் யாருக்கும் இது தோன்றியதில்லை.

"கம்பெனிலயும் இப்டிதான் பண்ணுவியா?"

"எல்லாரும் பண்றதுதான்."

"நான் பேசறது கேக்குதா உனக்கு?"

"கேக்காம இன்னா. நைனான்னு கூப்டா வர்றேன் இல்ல?"

அவள் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். என் கண்ணை மூடச் சொன்னாள். இந்த முறை நிஜமாகவே சோதித்தாள். கண்ணைத் திறந்தபோது திரையில் ஒரு சிவப்புக் கோடு நின்றிருந்தது. என் காது அதுவரைக்கும்தான். கேட்பது இடது பக்கம் கொஞ்சம், கேட்காத மிச்சமெல்லாம் வலது பக்கம்.

அதே செயலியில் இன்னொரு வசதியும் இருந்தது. போனுக்கு முன்னால் பேசினால் அந்தக் குரலைக் கம்பி கம்பியாகப் பிரித்துத் திரையில் காட்டும். அவள் போனை வாய்க்கு அருகில் வைத்து "நைனா" என்றாள். அது முழுக்கக் கோட்டுக்கு இந்தப் பக்கமே எழுந்து நின்றது. "சாப்டியா" என்றாள். முன்பாதி கோட்டைத் தாண்டி வலது பக்கம் சிதறியது. அப்புறம் அவள் பள்ளியில் நடந்த எதையோ சொன்னாள். பெரும்பகுதி அந்தப் பக்கம். அவள் கூப்பிடுவது மட்டும் எனக்குக் கேட்டிருக்கிறது, அதன் பிறகு சொன்னதெல்லாம் நானாக நிரப்பிக்கொண்டது.

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஏதாவது ஆக வேண்டும் என்று காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். திரை அணைந்தது, எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

விஷயம் தெரிந்ததும் என் மனைவி நேராகப் பேசினாள். வண்டி அடுத்த வாரம் வருகிறது என்பது அவளுக்கும் தெரியும். "போன வருசம் எப்டி தேறனயோ அப்டியே தேறு. மிஷினு இன்னா உன்னாண்ட கத பேசவா போவுது?" என்றவள், மகள் பக்கம் திரும்பினாள். "நீ உக்காந்து அவர நல்லா பழக்கி உடு. வெரலப் பாக்கறது தெரியாம பாக்கணும், அவ்ளோதான்."

"நான் மாட்டேன்," என்றாள் மகள்.

"மாட்டன்னா சோத்துக்கு இன்னா வழி?"

"இருக்கற காதும் போய்டும்மா. அந்தக் கோடு இன்னும் இந்தாண்ட வரும். அப்புறம் நைனான்னு கூப்டாக்கூட கேக்காது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். யாருக்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

வண்டி வந்தது. கண்ணாடி அறை அதேதான். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணின் கை நன்றாகத் தெரிந்தது. சிவப்பு வளையல்கூடப் போட்டிருந்தாள், பட்டனை அழுத்தும்போது அது ஆடியது. கண் தெரிந்த எவனும் தேறிவிடலாம். எனக்கு முன்னால் போனவன் தேறிவிட்டு வெளியே வந்து கண்ணடித்தான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இதில் வீரம் எதுவும் இல்லை. கம்பெனியை ஏமாற்றக் கூடாது என்ற எண்ணமும் இல்லை, கம்பெனி என்னிடம் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டதில்லை. கேட்டதற்கு அழுத்தினேன். பிறகு வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. அந்த இருட்டில், இப்போது எல்லாச் சத்தமும் வந்துகொண்டுதான் இருக்கிறது, எனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்போது முதன்முறையாகக் கொஞ்சம் பயமாக இருந்தது. தோளைத் தொட்டு, முடிந்தது என்றார்கள்.

தேறவில்லை, மாதக் கடைசி வரைக்கும்தான் வரலாம் என்றார் சூப்பர்வைசர். ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை கேட்டுப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். சொன்னதை அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டதால் குடோனா, கேண்டீனா என்பது நிச்சயமில்லை.

கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னேன். என் மனைவி அடுப்படியில் பாத்திரங்களை உருட்டினாள். திட்டியிருப்பாள், அவளுடைய முதுகு எனக்குத் தெரிந்தது, திட்டு தெரியவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மகள் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து போனிடம் பேசிக்கொண்டிருந்தாள். திரையில் அந்தச் சிவப்புக் கோடு தெரிந்தது. அவள் ஒரு வார்த்தையைச் சொல்வாள், கம்பிகள் கோட்டைத் தாண்டும், தலையை ஆட்டிக்கொண்டு குரலை இன்னும் கீழே இறக்கி மறுபடி சொல்வாள். கழுத்து நரம்பு புடைத்தது. அந்த ஒரு வாரமும் அவள் இதைத்தான் செய்துகொண்டிருந்தாளாம், பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நாங்கள் நினைத்தோம்.

பிறகு எழுந்து வந்து என் முகத்துக்கு நேராக நின்றாள். ஜலதோஷம் பிடித்த ஆம்பிளைக் குரலில், மெதுவாக, "நைனா, நீ இன்னும் துன்னலியா?" என்றாள்.

ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

என் மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். "பெத்த அப்பன துன்னலியான்னு கேக்கற. இதான் மரியாதையா?" கத்திச் சொன்னதால் அதுவும் பாதி கேட்டது.

"சாப்டியான்னு சொன்னா கோட்டத் தாண்டுதும்மா. இதான் அவருக்குக் கேக்குது," என்றாள், அதே கனத்த குரலில், என் பக்கம் பார்த்தபடியே.

என் மனைவி அப்படியே நின்றாள். என் நினைவில் இருந்த மகளின் குரல் அவள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது இருந்தது. நடுவில் அவளுக்கு ஒரு குரல் வந்திருக்கும், பள்ளியிலும் தெருவிலும் எல்லாரும் அதைக் கேட்டிருப்பார்கள். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இப்போது எனக்குக் கேட்பது அது இல்லை என்று மட்டும் தெரிந்தது.

"இல்லம்மா," என்றேன் மகளிடம். "போடு."