குட்டைக் கொக்கி மட்டை

ஹாக்கி மட்டை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்லிவிடுவேன். சொல்லும்போதே முகம் சூடாகிவிடும். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மதினி சொல்லிக் கொடுத்தது. அதை ஒரு தடவை ஊரறிய என்னுடையதாக்கிக் கொண்டேன்.

எழுபதுகளின் நடுவில் சூரியநெல்லிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். அண்ணன் அதே எஸ்டேட் ஃபேக்டரியில் டீமேக்கர். அவன் கல்யாணம் முடிந்து மதினி வந்தபின் மூன்று பேரும் ஒரே குவார்ட்டர்ஸில் இருந்தோம். மதினிக்குப் பாளையங்கோட்டை. பள்ளிக்கூட அணியில் ஹாக்கி ஆடியவர் என்பதைப் பெண் பார்த்தபோது யாரும் எங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்கள் அம்மா யோசித்திருப்பாள்.

அந்த வருஷம் எஸ்டேட் கிளப்புக்கு ஒரு டஜன் மட்டை வாங்கிக்கொள்ள எங்கள் மேனேஜர், பெரிய தொரை, சம்மதித்தார். சித்திரபுரம் மின்வாரியக் குவார்ட்டர்ஸ்காரர்களோடு எங்கள் மைதானத்தில் ஆட்டம் பேசி முடித்திருந்தோம். நான்தான் கேப்டன். எனக்கு ஓடத் தெரியும், கத்தத் தெரியும், கோபப்படத் தெரியும். கேப்டனுக்கு இது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

மட்டை வாங்க மதுரைக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள், கிளப்பின் பழைய மட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மதினி எனக்கு அடுக்களையில் பாடமே நடத்தினார்.

"பளபளப்பப் பாத்து ஏமாந்துராதீங்க தம்பி. அடியில கொக்கி வளையுற எடத்துல மரத்தோட ரேகையும் கூடவே வளைஞ்சு போணும். நேராப் போயி ஓரத்துல முடிஞ்சிருந்தா அந்த எடத்துலயே பிளந்துரும்."

"நீளக் கொக்கிதான மதினி நல்லது? பந்து மாட்டிக்கிடும்லா?"

"பந்த நிப்பாட்டலாம். மட்டையத் திருப்பி எடுக்க முடியாது. நம்ம கிரவுண்டு மேடும் பள்ளமுமாக் கெடக்கு, பந்து எந்தப் பக்கம் துள்ளும்னே சொல்ல முடியாது. குட்டைக் கொக்கிதான் சரி. அப்புறம், கனத்த தலைக்கு ஒல்லிப் பிடி வாங்கிராதீங்க. கை விட்டுப் போயிரும்."

கடைசியாக, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வருவீங்களா?" என்று கேட்டார். பள்ளியில் ஆடும்போது அவருக்கு இடது மணிக்கட்டு உடைந்து கூடியிருந்தது. கனமான மட்டையை அந்தக் கை தாங்காது. லேசான தலை, ஒல்லிப் பிடி, குட்டைக் கொக்கி, மூன்றும் ஒன்றாக அமைய வேண்டும். அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "வாங்கிட்டு வாடா" என்று தன் பையிலிருந்து காசு கொடுத்தான். ஆகவே அது கிளப் மட்டை கிடையாது.

போடிமெட்டு வழியாக இறங்கி மதுரைக்குப் போனேன். கடையில் லேசான தலை வந்தால் பிடி தடியாக இருந்தது. ஒல்லிப் பிடி வந்தால் தலை கனத்தது. கடைக்காரர் அலுத்துக்கொள்ள அலுத்துக்கொள்ள அடுக்கையே பிரித்துப் போட்டு, அடியில் கிடந்த ஒன்றை எடுத்தேன். மூன்றும் அமைந்திருந்தன. கொக்கியோடு ரேகையும் வளைந்து போயிற்று. இந்தக் கதையில் நான் யோக்கியமாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

எனக்கென்று எடுத்ததோ நீளக் கொக்கி, தடிப் பிடி, நல்ல கனம், கண்ணாடி மாதிரி வார்னிஷ். தொரை பங்களாச் சுவரில் அப்படி ஒன்று மாட்டியிருக்கும். அதைப் பிடித்தால் நானும் கொஞ்சம் தொரை மாதிரித் தெரிவேன் என்று ஓர் ஆசை. மதினி அதைக் கையில் வாங்கி, கொக்கியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தன் மட்டைக்கு ஒரு பச்சைத் துணியைக் கிழித்துப் பிடியில் இறுக்கிச் சுற்றினார். விடிந்ததும் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் பந்தைத் தட்டத் தொடங்கிவிடுவார். "கை வலிக்கவே இல்ல தம்பி!" என்று அவர் சிரித்த அளவுக்கு அந்த வீட்டில் அதற்குமுன் நான் சிரிப்பைக் கேட்டதில்லை. எங்கள் ஆட்டத்துக்கு அடுத்த சனிக்கிழமை பெண்களுக்கும் ஓர் ஆட்டம் வைப்பதென்று பள்ளிக்கூட டீச்சர்கள், ஆஸ்பத்திரி நர்ஸ் எல்லோரிடமும் பேசி, ஆள் சேர்த்ததும் அவர்தான். ஆறு வருஷம் கழித்து ஆடப் போகிறோம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. முதல் பாதியில் என் மட்டை என் மானத்தை வாங்கியது. பந்து இடதுபக்கம் துள்ளினால் திருப்பி எடுப்பதற்குள் எதிராளி கொண்டுபோய்விடுவான். இடைவேளையில் வேலி ஓரம் நின்ற மதினியிடம் போய், "ஒங்க மட்டையத் தாங்க" என்றேன். குவார்ட்டர்ஸ் பக்கத்திலேயே இருந்தது. ஓடிப் போய் எடுத்து வந்தார். "பாத்து ஆடுங்க, என்ன?" என்று மட்டும் சொன்னார்.

அந்த மட்டையில் இரண்டு கோல் போட்டேன், ஜெயித்தோம். பெரிய தொரையே மைதானத்துக்குள் இறங்கி வந்தார். மட்டையை வாங்கி வீசிப் பார்த்தார்.

"பஞ்சு மாதிரி இருக்கே. யார் செலக்‌ஷன்?"

"என் செலக்‌ஷன் சார்."

நாலடி தள்ளி, என் துண்டையும் தண்ணீர்ச் செம்பையும் வைத்துக்கொண்டு மதினி நின்றார்.

"வீட்டுல மேடம் ரொம்ப நாளா ஒரு மட்டை கேக்குறா. அவளுக்கு இது சரியா இருக்கும். எடுத்துக்கட்டுமா? நீ வேற ஒண்ணு எடுத்துக்கோ."

கிளப் மட்டை என்று நினைத்துத்தான் கேட்டார். 'இது எங்க மதினியோடது சார்' என்று சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்திருப்பார். அவ்வளவு நல்ல மனுஷர். பயந்து போய்க் கொடுத்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அத்தனை பேர் முன்னால் கிடைத்த பாராட்டு கையைவிட்டுப் போய்விடக் கூடாது என்று கொடுத்தேன். "எடுத்துக்கிடுங்க சார்" என்று பல்லை இளித்தேன்.

வீட்டுக்கு வந்து, "தொர கேட்டா எப்படி மதினி மாட்டேன்னு சொல்ல?" என்றேன். "சரி தம்பி, சாப்பிட வாங்க" என்றார். அவர் சண்டை போடவில்லையே என்று எனக்குக் கோபம் வேறு வந்தது. வேறு வாங்கித் தருகிறேன் என்றேன். அந்த வாரமும் மதுரைக்குப் போகவில்லை, அப்புறமும் போகவில்லை.

சனிக்கிழமை மற்ற பெண்கள் கிளப் மட்டைகளில் விழுந்தும் எழுந்தும் ஆடினார்கள். மதினி கையில் விசில் இருந்தது. நீங்கள் ஆடவில்லையா என்று நர்ஸ் கேட்டதற்கு, "கை சரியில்ல" என்றார். நான் ஆட்டம் முடியும்வரை வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு நாள் கையெழுத்து வாங்க பங்களாவுக்குப் போனபோது அந்த மட்டை வாசலில் நாய்ச் சங்கிலிக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. டேலியாப் பாத்தியில் மேய வரும் மாட்டை விரட்டத் தோட்டக்காரர் அதை எடுத்துக்கொண்டு ஓடினார். கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்துத் தொரைக்கு மாற்றல் வந்தது. ஸ்டாஃப் குடும்பங்களை எல்லாம் பங்களாவுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தார்கள். கொண்டுபோக முடியாத சாமான்களை மேடம் ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்தார். சிலருக்குக் கூஜா, சிலருக்குத் திரைச்சீலை. எங்கள் முறை வந்தது. மதினி இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றார்.

"நீங்க ஹாக்கி ஆடுவீங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. இது உங்க கொழுந்தனார் செலக்ட் பண்ணினதுதான். வச்சுக்கோங்க."

பச்சைத் துணி அழுக்கேறி அப்படியே இருந்தது. மதினி பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, தன் மட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம்."

அண்ணனுக்கு ஃபேக்டரியில் வேலை இருந்ததால் நாங்கள் மட்டும் எஸ்டேட் ரோட்டில் திரும்பி நடந்தோம். எப்படியாவது இன்றைக்கு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று ஒரு வாக்கியத்தை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மதினி நின்று, மட்டையைப் புரட்டி, கொக்கியின் வளைவில் கட்டைவிரலை ஓட்டினார். ஓரமெல்லாம் கல்லில் பட்டுச் சிதைந்திருந்தது.

"ரேகை எங்கயும் பிளக்கல," என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, கொஞ்சமும் கோபமில்லாமல், "நல்ல செலக்‌ஷன், தம்பி" என்றார்.

குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன்.