தில்லியில் முட்டையிடாத பொறிவண்டுகள்

9.2.1999, செவ்வாய். காலை 7.25க்குப் புது தில்லியில் இறங்கினேன். மதுரையை விட்டு மூன்றாம் நாள். மூடுபனி. எட்டு கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் எழுபது கேட்டு, ஐம்பதுக்கு வந்தார்.

8.10. ஆராய்ச்சி நிலைய வாசலில் ராகவன் நின்றிருந்தான். மதுரையில் பன்னிரண்டு வருடம் என் அடுத்த மேசையில் பூச்சி வளர்த்தவன். இங்குள்ள ஒரே பதவிக்கு இருவரும் விண்ணப்பித்தோம், அவனுக்குக் கிடைத்தது. இப்போது அவன் சோதனையைப் பார்த்துவர என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

"ஜல்தி வாங்கண்ணே, டீ ஆறிரும்."

9.00. அவனுடைய ஆய்வறை, இருபதுக்குப் பதினைந்து அடி. இரண்டு ஏசி. மதுரையில் எங்களுக்கு ஒரு மின்விசிறி, அதுவும் சத்தம் போடும். பயிரைக் கெடுக்கும் அசுவினிகளைத் தின்று நமக்கு உதவும் பொறிவண்டுகளை அவன் வளர்க்கிறான். ஒரு தொகுதி வண்டுப் புழுக்களுக்குப் பூச்சிமருந்து லேசாகப் பட்ட அசுவினி, மற்றதற்குச் சுத்தமானது. மருந்து தின்ற புழு சாவதில்லை. பளபளவென்று வண்டாகும், ஆனால் முட்டை குறைந்துவிடும். இந்தச் சோதனையை முதலில் யோசித்தவன் நான். 1994 நோட்டில் இருக்கிறது.

"சுத்தத் தொகுதியும் முட்டை கம்மியாத்தான் வைக்குதுண்ணே. ஏசி ஒத்துக்கலை போல. வெள்ளிக்கிழமை அறிக்கையில அப்படித்தான் எழுதப்போறேன்."

11.30. அசுவினி வளர்க்க உதவியாளர் கடுகுக் கீரை கொண்டுவந்தார். சந்தையில் கட்டுவது போல வைக்கோலால் கட்டியிருந்தது.

"இது எங்க வாங்கினது?"

"மண்டிலதான். நம்ம பாத்தி பனியில கருகிருச்சு. நல்லாக் கழுவிருவோம்ணே," என்றான் ராகவன்.

விற்பனைக் கீரையில் மருந்து இல்லாமலா இருக்கும்? சுத்தமான புழுக்களும் பிறந்தது முதல் மருந்தைத்தான் தின்றிருக்கின்றன. மதுரையில் நாங்களே சட்டியில் விதைத்த செடியைத் தவிர எதையும் உள்ளே விட்டதில்லை. வெள்ளிக்கிழமை வரை நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அரை மணி நேரம் அந்த நினைப்பு இனித்தது.

பிறகு சொன்னேன். நல்லெண்ணத்தால் அல்ல, அவன் முகம் வாடுவதைப் பார்க்க.

வாடவில்லை. நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தான். "உங்ககிட்ட அவ்வளவு திட்டு வாங்கியும் இந்தப் புத்தி!" உடனே மேலதிகாரிக்குப் போன் செய்தான். மூன்று மாத வேலை தவறு, மறுபடி தொடங்க வேண்டும் என்றான்.

"அச்சா, சரின்னுட்டார்ணே. வாங்க, சாப்பிடலாம்."

12.2, இரவு 10.30. திரும்பும் வண்டியில் என் பெட்டியில் ஆறு பேர். தூக்கம் வரவில்லை. சென்ற வருடம் என் தொகுதி ஒன்றிலும் சந்தேகம் வந்தது. மறுபடி வளர்க்க அவகாசம் கேட்கப் பயந்து அறிக்கையில் கையெழுத்திட்டு அனுப்பினேன். ராகவன் பேசியது இரண்டு நிமிடம். எங்கள் அலுவலகத்திலும் போன் இருக்கிறது.